லியூ யாலோ

லியூ யாலோ (1910 – 1965) சீன மக்கள் விடுதலைப் படையின் விமானப்படையை நிறுவியவர். அதன் முதல் தளபதி. 1949 அக்டோபரில் நியமிக்கப்பட்ட இவர், 1965 மே மாதம் மறையும் வரை ஏறத்தாழ பதினைந்தரை ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1955இல் மக்கள் விடுதலைப் படையில் முதன்முறையாக இராணுவப் பதவி நிலைகள் வழங்கப்பட்டபோது ஜெனரல் நிலை பெற்றார். பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

இவரது பணி வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விமானப்படைத் தளபதியான இவர் விமானி அல்லர். இருபது ஆண்டுகள் தரைப்படையில் கழித்தவர். விமானங்களும் விமானிகளும் மிகக் குறைவாக இருந்த ஒரு நாட்டில், நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3,000 விமானங்கள் கொண்ட படை உருவானது எப்படி, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை இவரது வாழ்க்கை வழியாக அறியலாம்.

பெயரும் பிறப்பும்

சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். இங்கு 'லியூ' என்பது குடும்பப் பெயர். 'யாலோ' என்பது இவருக்குரிய பெயர். பிறந்தபோது இட்ட பெயர் லியூ ஜென்டோங். தென்கிழக்குச் சீனாவில் உள்ள ஃபூஜியன் மாகாணத்தின் ஊப்பிங் மாவட்டத்தில், ஏழை ஹக்கா குடும்பம் ஒன்றில் 1910 ஏப்ரலில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்ததால் வேறொரு குடும்பத்தார் இவரை எடுத்து வளர்த்தனர். வளர்ப்புக் குடும்பமும் வசதி படைத்ததன்று. எனினும் இவரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தனர்.

1929இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அப்போது மாவோ சேதுங், சூ டே ஆகியோரின் செஞ்சேனை ஃபூஜியனின் மேற்குப் பகுதிக்கு வந்திருந்தது. லியூ அதில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார்.

செஞ்சேனையில்

1934இல் தொடங்கிய நெடும்பயணத்தின்போது லியூ, முதலாம் படைத்தொகுதியின் 2ஆவது டிவிஷனுக்கு அரசியல் ஆணையராக இருந்தார். கம்யூனிஸ்ட் படைகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தளபதியும் ஓர் அரசியல் ஆணையரும் இருப்பர். ஆணைகளில் இருவரும் கையொப்பமிடுவர். வீரர்களின் மனவுறுதி, கல்வி, கட்சிப் பணி ஆகியவை ஆணையரின் பொறுப்பு. அதனால் சண்டையிடுவதோடு, எழுதப் படிக்கத் தெரியாத உழவர் இளைஞர்களுக்குக் கற்பிக்கும் வேலையும் லியூவுக்கு இளம் வயதிலேயே பழக்கமானது.

இந்த 2ஆவது டிவிஷன் நெடும்பயணத்தில் பெரும்பாலும் முன்னணியில் சென்றது. ஊ ஆற்றைக் கடந்ததிலும், சுன்யி நகரைக் கைப்பற்றியதிலும் இதற்குப் பங்கு உண்டு. 1935 மே மாதம் டாடு ஆற்றின் மீதுள்ள லூடிங் சங்கிலிப் பாலத்தைக் கைப்பற்றிய 4ஆவது ரெஜிமென்ட் இந்த டிவிஷனைச் சேர்ந்ததே.

நெடும்பயணம் முடிந்து படை வட சீனாவை அடைந்த பின், லியூ இராணுவக் கல்விக்கு மாற்றப்பட்டார். யெனானில் இயங்கிய ஜப்பானிய எதிர்ப்பு இராணுவ அரசியல் பல்கலைக்கழகத்தில் பயிற்சித் துறைத் தலைவராகவும், பின்னர் கல்விப் பொறுப்பாளராகவும் இருந்தார்.

மாஸ்கோ ஆண்டுகள்

1939இல் லியூ சோவியத் ஒன்றியத்திற்கு அனுப்பப்பட்டு, மாஸ்கோவின் ஃபுரூன்சே இராணுவக் கல்விக்கழகத்தில் படித்தார். அதுவரை அவர் அறிந்த போர்முறை மலைப்பாதைகளும் இரவு நடைகளும் சார்ந்தது. பெரும்படைகளை இயக்குதல், பீரங்கியையும் தரைப்படையையும் விமானத்தையும் இணைத்தல், பணியதிகாரிகளின் அலுவலக முறை ஆகியவற்றை அங்கே கற்றார். ரஷ்ய மொழியையும் நன்கு பயின்றார். இந்த மொழியறிவு பத்து ஆண்டுகளுக்குப் பின் இவரது வாழ்க்கையையே திசைதிருப்பியது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் படையுடன் பணியாற்றினார். 1945 ஆகஸ்டில் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தபோது அவர்களோடு சீனா திரும்பினார்.

வடகிழக்குப் போர்க்களமும் விமானப் பள்ளியும்

1946இல் லின் பியாவ் தலைமையிலான வடகிழக்குப் படையின் தலைமைப் பணியதிகாரியாக லியூ நியமிக்கப்பட்டார். சோவியத் படையின் பணியதிகாரிகளுக்கான விதிநூலைச் சீனத்தில் மொழிபெயர்த்துத் தம் அதிகாரிகளுக்குக் கொடுத்தார். வரைபடம் எப்படி வைத்திருக்க வேண்டும், ஆணை எப்படி எழுதப்பட வேண்டும், அறிக்கை எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்பன போன்ற சிறிய செய்திகளில் கண்டிப்பாக இருந்தார்.

அதே ஆண்டு மார்ச் 1ஆம் நாள் வடகிழக்கில் உள்ள டோங்ஹுவாவில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் விமானப் பள்ளி தொடங்கியிருந்தது. அதன் வரலாறு விந்தையானது. போரில் தோற்றுச் சரணடைந்த ஜப்பானிய விமானப் பிரிவு ஒன்றின் தலைவர் ஹயாஷி யாய்ச்சிரோவும் அவருடைய ஆட்களும் அங்கே ஆசிரியர்கள் ஆயினர். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்களிடம் சீன இளைஞர்கள் பறக்கக் கற்றனர். மாணவர்களில் பலர் சில ஆண்டுகளே பள்ளி சென்றவர்கள்.

ஜப்பானியர் விட்டுச்சென்ற உடைந்த விமானங்களின் பாகங்களைச் சேர்த்துப் பயிற்சி விமானங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றை இழுத்துச்செல்லக் குதிரைகள் பயன்பட்டன. சக்கரங்களுக்கு மிதிவண்டிப் பம்பால் காற்றடித்தனர். பெட்ரோல் கிடைக்காதபோது ஆல்கஹாலைக் கொண்டு எஞ்சினை இயக்கினர். தொடக்கநிலைப் பயிற்சி விமானங்கள் போதாமையால், மாணவர்கள் நேரடியாக உயர்நிலைப் பயிற்சி விமானத்தில் ஏற வேண்டியிருந்தது. 1949 வரை இப்பள்ளியில் ஏறத்தாழ 560 பேர் பயின்று வெளிவந்தனர். அவர்களில் 126 பேர் விமானிகள். மற்றவர்கள் பழுதுபார்ப்போரும் பிற தொழில்நுட்பப் பணியாளர்களும் ஆவர். பின்னாளைய விமானப்படைக்கு விதைநெல்லாக அமைந்தவர்கள் இவர்களே.

தியான்ஜின் போர்

விமானப்படைக்குச் செல்லும் முன் லியூ நடத்திய பெரும் போர் தியான்ஜின் முற்றுகையாகும். 1949 ஜனவரியில் அந்நகரைக் காத்து நின்றவர் கோமின்டாங் தளபதி சென் சாங்ஜியே. அவரிடம் ஏறத்தாழ 1,30,000 வீரர்கள் இருந்தனர். தாக்குதல் முனையின் தளபதியாக லியூ நியமிக்கப்பட்டார்.

தியான்ஜின் வடக்கு தெற்காக நீண்டும், கிழக்கு மேற்காகக் குறுகியும் உள்ள நகரம். எனவே கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஒரே நேரத்தில் உட்புகுந்து, நடுவில் சந்தித்து, நகரை இரண்டாகப் பிளப்பது லியூவின் திட்டம். இது எதிரிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். நகரிலிருந்து பேச்சுவார்த்தைக்கு வந்த பிரதிநிதிகளைத் தமது தலைமையகம் நகருக்கு வடக்கே இருப்பதாக நம்பும்படி செய்தார். அவர்கள் திரும்பிச் சென்று சொன்ன செய்தியை நம்பிய சென், ஒரு முக்கிய டிவிஷனை வடக்குப் பக்கம் நகர்த்தினார்.

ஜனவரி 14 காலை தாக்குதல் தொடங்கியது. இரு பக்கப் படைகளும் ஜின்டாங் பாலத்தருகே சந்தித்தன. 29 மணி நேரத்தில் நகரம் வீழ்ந்தது. சென் சாங்ஜியே சிறைப்பட்டார். இந்த விரைவான வீழ்ச்சி, அருகில் இருந்த பெய்ஜிங்கைக் காத்து நின்ற படைகள் போரின்றி இணங்கியதற்கு ஒரு காரணம்.

விமானப்படையின் தொடக்கம்

1949 ஜூலையில் விமானப்படை அமைக்கும் பொறுப்பை மாவோ சேதுங் லியூவிடம் ஒப்படைத்தார். பறக்கத் தெரிந்த மூத்த கட்சிக்காரர்கள் இருந்தும், தரைப்படைக்காரரான லியூவைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இருந்தன. பெரும்படையை நடத்திய அனுபவம், சோவியத் இராணுவக் கல்வி, ரஷ்ய மொழி, கற்பித்தலில் பழக்கம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தவர் அவர்.

அப்போதைய உடனடி இலக்கு தைவான். கடலைக் கடந்து செல்லும் படைக்கு வானில் பாதுகாப்பு வேண்டும். 1949 ஆகஸ்டில் லியூ மாஸ்கோ சென்று பேச்சு நடத்தினார். 434 விமானங்களை விற்கவும், ஆறு விமானப் பள்ளிகளை அமைக்க உதவவும், ஆசிரியர்களை அனுப்பவும் சோவியத் ஒன்றியம் ஒப்புக்கொண்டது.

அக்டோபர் 1ஆம் நாள் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டபோது தியானன்மென் மேல் பறந்தவை மொத்தம் 17 விமானங்களே. எண்ணிக்கை கூடுதலாகத் தெரிய, வேகமான 9 மஸ்டாங் விமானங்கள் வட்டமடித்து இரண்டாம் முறையும் பறந்தன. கீழே நின்றவர்களுக்கு அவை 26 விமானங்களாகத் தோன்றின. கோமின்டாங் விமானங்கள் வரலாம் என்ற அச்சத்தால், அணிவகுப்பில் பறந்த சில விமானங்கள் குண்டுகள் நிரப்பியே பறந்தன.

அக்டோபர் 25 அன்று லியூ தளபதியாகவும், சியாவ் ஹுவா அரசியல் ஆணையராகவும் நியமிக்கப்பட்டனர். 1949 நவம்பர் 11இல் விமானப்படைத் தலைமையகம் முறையாக இயங்கத் தொடங்கியது. இந்நாளே சீன விமானப்படையின் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது. தலைமையகத்தின் பணியாளர்களில் பெரும் பகுதியினர் லியூ முன்பு தலைமை தாங்கிய 14ஆவது படைத்தொகுதியின் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள்.

'தரைப்படையை அடித்தளமாகக் கொண்டு விமானப்படையை அமைத்தல்' என்பது லியூவின் கொள்கை. தரைப்படை டிவிஷன்களின் தலைமையகங்கள் அப்படியே விமான டிவிஷன்களின் தலைமையகங்களாக மாற்றப்பட்டன. போரில் பழகிய இளம் வீரர்களிலிருந்து மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் இருந்தன. ஒழுங்கும் துணிவும் முன்பே அமைந்த ஆட்கள் கிடைத்தது நன்மை. கணக்கும் இயற்பியலும் அறியாதவர்களுக்குக் காற்றியக்கமும் எஞ்சினும் கற்பிக்க வேண்டியிருந்தது குறை. சோவியத் ஆசிரியர் ரஷ்ய மொழியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சீனத்தில் சொல்ல, மாணவர் அதைக் குறித்துக்கொண்டு இரவில் ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்றனர்.

1949 டிசம்பர் 1ஆம் நாள் பள்ளிகள் தொடங்கின. மாஸ்கோ உடன்பாட்டுக்கும் வகுப்புகள் தொடங்கியதற்கும் இடையே சில மாதங்களே இருந்தன. கட்டடம், ஓடுபாதை, படுக்கை, பாடநூல் என எல்லாவற்றையும் அதற்குள் திரட்ட வேண்டியிருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1950 பிப்ரவரி 6இல் கோமின்டாங் விமானங்கள் ஷாங்காயின் மின் நிலையங்களைக் குண்டுவீசித் தாக்கின. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், நகரம் இருளில் மூழ்கியது. தடுக்கச் சீனாவிடம் விமானம் இல்லை. சோவியத் வான்பாதுகாப்புப் பிரிவு ஒன்று வந்துதான் நகரைக் காத்தது. 1950 ஜூனில் நான்ஜிங்கில் அமைக்கப்பட்ட 4ஆவது கலப்பு விமானப் பிரிகேட், சீன விமானப்படையின் முதல் போர்ப்பிரிவாகும். அது ஷாங்காயில் சோவியத் விமானிகளிடம் பயின்று, அவர்களிடமிருந்தே காவல் பொறுப்பை ஏற்றது.

கொரியப் போர்

1950 அக்டோபரில் சீனா கொரியப் போரில் இறங்கியது. விமானப்படைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மிக்-15 விமானத்தில் சில பத்து மணி நேரமே பறந்திருந்த இளைஞர்கள், இரண்டாம் உலகப் போரில் பழகிய அமெரிக்க விமானிகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லோரையும் ஒரே நேரத்தில் போருக்கு அனுப்பினால் படை முற்றிலும் அழியக்கூடும். அனுப்பாமல் காத்திருந்தால் ஒருபோதும் அனுபவம் வராது. லியூ நடுவழி ஒன்றைத் தேர்ந்தார். சிறு பிரிவுகளாக, சோவியத் விமானிகளின் துணையோடு முதலில் இறக்க வேண்டும். பழகியவர்கள் புதியவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு டிவிஷன் சில மாதம் போரிட்டபின் பின்வாங்கி ஓய்வெடுக்க, அடுத்த டிவிஷன் அதன் இடத்துக்கு வர வேண்டும் என்பது திட்டம். பயிற்சிக் களமாகவும் போர்க்களமாகவும் ஒரே வானம் பயன்பட்டது.

1951 ஜனவரி 21இல் 4ஆவது டிவிஷனின் விமானிகள் முதன்முறையாக வான்சண்டையில் ஈடுபட்டனர். ஜனவரி 29இல் லி ஹான் என்ற விமானி அமெரிக்க எஃப்-84 ஒன்றை வீழ்த்தியதாகச் சீனப் பதிவுகள் கூறுகின்றன. அதே ஆண்டில் எல்லை நகரான ஆன்டோங்கில் கூட்டு விமானப்படைத் தலைமையகம் அமைந்தது. பெரிய கூட்டமாகப் பறந்தால் ஒன்றையொன்று மறைத்துக் குழம்பின என்பதைக் கண்டு, நான்கு விமானங்கள் கொண்ட சிறு குழுக்கள் ஒரே பகுதியில் வெவ்வேறு உயரங்களில் பறந்து ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் முறை வகுக்கப்பட்டது.

தோல்விகளும் இருந்தன. 1951 நவம்பர் 6இல் டூ-2 குண்டுவீச்சு விமானங்கள் டாஹே தீவைத் தாக்கி இழப்பின்றித் திரும்பின. அதே மாதம் 30ஆம் நாள் அதே தீவுக்கு மீண்டும் 9 டூ-2 விமானங்கள் அனுப்பப்பட்டன. துணைக்கு வர வேண்டிய மிக் விமானங்களோடு நேரம் பொருந்தவில்லை. அமெரிக்க சேபர் விமானங்கள் அவற்றை வழியிலேயே மறித்து 4 விமானங்களை வீழ்த்தின. சில நிமிட நேரக் கணக்குப் பிழைக்குப் பல உயிர்கள் விலையாயின. அதன்பின் குண்டுவீச்சு விமானங்கள் பகலில் இவ்வாறு அனுப்பப்படவில்லை.

போர் முடிந்தபோது 10 போர்விமான டிவிஷன்களும் 2 குண்டுவீச்சு டிவிஷன்களின் பிரிவுகளும் களம் கண்டிருந்தன. 330 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகவும், தம் தரப்பில் 231 விமானங்களையும் 116 விமானிகளையும் இழந்ததாகவும் சீனப் பதிவுகள் சொல்கின்றன. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறானது. தம் சேபர் விமானங்களே பல மடங்கு வெற்றி பெற்றதாக அது கூறுகிறது. மேலும், மிக் விமானங்களின் போர்ப் பளுவில் பெரும் பகுதியைச் சுமந்தவர்கள் மறைவாகப் பங்கேற்ற சோவியத் விமானிகளே. இச்செய்தி பல ஆண்டுகள் வெளியிடப்படவில்லை. எனவே இரு தரப்பு எண்களையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுதி. 1953இல் சீன விமானப்படை ஏறத்தாழ 3,000 விமானங்களுடன் உலகின் பெரிய விமானப்படைகளில் ஒன்றாகியிருந்தது.

தைவான் நீரிணை, 1958

1958 கோடையில் தைவான் நீரிணையில் பதற்றம் மூண்டது. அதுவரை ஃபூஜியன் கடற்கரை வானில் கோமின்டாங் விமானங்களின் கையே ஓங்கியிருந்தது. ஜூலை இறுதியில் சீன விமானப்படை அம்மாகாணத்தின் தளங்களுக்குள் நுழைந்தது. முன்னணித் தலைமையகத்தை நிய் ஃபெங்சி நடத்தினார். பெய்ஜிங்கிலிருந்து லியூ ஒட்டுமொத்தமாக வழிநடத்தினார். லியூவுக்கு அது தாம் பிறந்த மாகாணமும் ஆகும்.

இப்போரில் உலக விமான வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1958 செப்டம்பர் 24இல் கோமின்டாங் விமானிகள் அமெரிக்கா அளித்த சைட்வைண்டர் ஏவுகணைகளை ஏவினர். விமானத்திலிருந்து விமானத்தை நோக்கி ஏவுகணை போரில் பயன்பட்டது அதுவே முதல் முறை. இப்போரில் வெடிக்காமல் சீனர் கைக்குக் கிடைத்த ஒரு சைட்வைண்டர் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டது. அதைப் பார்த்து உருவானதே சோவியத் கே-13 ஏவுகணை.

ஏவுகணைப் படையும் உளவு விமானங்களும்

1957இல் வான்பாதுகாப்புப் படை விமானப்படையோடு இணைக்கப்பட்டது. அதனால் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் ரேடார்களும் லியூவின் பொறுப்பில் வந்தன. அடுத்த ஆண்டு சோவியத் ஒன்றியம் தரையிலிருந்து வானுக்கு ஏவும் எஸ்-75 ஏவுகணைத் தொகுதிகள் சிலவற்றை வழங்கியது. இவற்றுக்கான பட்டாலியன்கள் மிகுந்த மறைவாக அமைக்கப்பட்டன.

அக்காலத்தில் தைவானிலிருந்து புறப்பட்ட அமெரிக்க ஆர்பி-57டி உளவு விமானங்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தன. சீனப் போர் விமானங்கள் எதுவும் அந்த உயரத்தை எட்டவில்லை. 1959 அக்டோபர் 7இல் பெய்ஜிங்குக்கு அருகே யூ ஜென்ஹுவா தலைமையிலான 2ஆவது பட்டாலியன் மூன்று ஏவுகணைகளை ஏவி அத்தகைய விமானம் ஒன்றை வீழ்த்தியது. தரையிலிருந்து ஏவிய ஏவுகணையால் ஒரு விமானம் வீழ்த்தப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. எதனால் வீழ்த்தினோம் என்பதைச் சீனா வெளியிடவில்லை.

பின்னர் யூ-2 விமானங்கள் வந்தன. அவை ஏவுகணைகள் உள்ள இடங்களைத் தவிர்த்துப் பறந்தன. சீனாவோ பரந்த நாடு. ஏவுகணைப் பட்டாலியன்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. சோவியத் முறைப்படி அவை ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்பட வேண்டியவை. லியூ அம்முறையைக் கைவிட்டார். வேட்டைக்காரன் விலங்கின் தடத்தைப் பார்த்துப் பதுங்குவது போல, யூ-2 பறந்த வழிகளை ஆராய்ந்து பட்டாலியன்களை அவ்வழிகளில் மறைத்து வைத்தார். 1962இல் நான்சாங் நகருக்கு அருகே ஒரு பட்டாலியன் பதுங்கியது. உளவு விமானத்தை அப்பக்கம் இழுக்க, குண்டுவீச்சு விமானங்கள் வெளிப்படையாக அப்பகுதிக்கு நகர்த்தப்பட்டன. செப்டம்பர் 9இல் யூ-2 வந்தது; வீழ்ந்தது.

அதன்பின் யூ-2 விமானங்களில் எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டது. ஏவுகணையின் குறிபார்க்கும் ரேடார் இயங்கியவுடன் விமானி அறிந்து திரும்பிவிடுவார். இதற்கு விடையாக, விமானம் மிக அருகில் வரும்வரை ரேடாரை அணைத்து வைத்து, பின் சில விநாடிகளில் குறிபார்த்து ஏவும் முறையைப் பட்டாலியன் வீரர்கள் உருவாக்கினர். முன்பு சில நிமிடங்கள் எடுத்த வேலை அது. ஒவ்வொரு கைவேலையையும் தனித்தனியே பிரித்து, எதை முன்கூட்டியே செய்யலாம் என்று ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான முறை பழகியதால் இது கைகூடியது. 1963 நவம்பர் 1, 1964 ஜூலை 7 ஆகிய நாட்களில் மேலும் யூ-2 விமானங்கள் வீழ்ந்தன. எப்படி வீழ்த்தினீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, மூங்கில் கழியால் குத்தி இறக்கினோம் என்று வெளியுறவு அமைச்சர் சென் யி வேடிக்கையாகச் சொன்னது சீனாவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

1960களின் தொடக்கத்தில், ஏவுகணை ஆராய்ச்சி நடத்திய பாதுகாப்புத் துறையின் ஐந்தாம் கல்விக்கழகத்துக்கும் லியூ தலைமைப் பொறுப்பு வகித்தார். அறிவியலாளர் சியென் சூசென் அங்கு ஆய்வுப் பணிகளை நடத்திவந்தார். 1960 ஆகஸ்டில் சோவியத் வல்லுநர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். அதனால் உதிரிப் பாகங்களும் வரைபடங்களும் நின்றுபோன நெருக்கடியான காலம் அது.

பயிற்சியும் ஒழுங்கும்

லியூ சினம் மிக்கவர், கண்டிப்பு மிக்கவர் என்று பெயர் பெற்றிருந்தார். விபத்து நடந்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும் என்பார். விமானப்படையில் சிறு கவனக்குறைவும் உயிரைப் பறிக்கும் என்பதால், தரைப்படையின் 'ஏறத்தாழ சரி' என்ற பழக்கத்தை ஒழிப்பதே முதல் வேலை என்று கருதினார். சோவியத் விதிநூல்கள் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பயன்பட்டன. பிற்காலத்தில், கொரியா, ஃபூஜியன் அனுபவங்களைச் சேர்த்துச் சீனத்துக்கே உரிய விதிநூல்களும் பாடநூல்களும் எழுதும் பணியை அவரே முன்னின்று நடத்தினார்.

பெண்களுக்கும் விமானப்படை தொடக்கத்திலேயே இடமளித்தது. முதல் தொகுதிப் பெண் விமானிகள் 1952 மார்ச் 8, மகளிர் நாளன்று 6 போக்குவரத்து விமானங்களில் பெய்ஜிங் மேல் பறந்தனர்.

கலையிலும் லியூவுக்கு ஈடுபாடு இருந்தது. விமானப்படையின் கலைக்குழு உருவாக்கிய 'ஜியாங் ஜியே' என்ற இசை நாடகத்தின் உருவாக்கத்தில் நேரடியாகக் கருத்துச் சொல்லித் திருத்தினார். 1964 செப்டம்பரில் அரங்கேறிய அது சீனாவின் புகழ்பெற்ற இசை நாடகங்களுள் ஒன்று.

மறைவு

1964இல் ருமேனியா சென்று திரும்பியபின் லியூவின் உடல்நலம் குன்றியது. கல்லீரல் நோய் முற்றியிருப்பது தெரியவந்தது. ஷாங்காயில் சிகிச்சை பெற்றபோதும், விதிநூல் படிகளை மருத்துவமனைக்கு வரவழைத்துத் திருத்தினார். 1965 மே 7இல், 55ஆம் வயதில் மறைந்தார்.

இவருக்குப் பின் ஊ ஃபாசியன் தளபதியானார். அடுத்த ஆண்டு தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி, லியூ கட்டிய பயிற்சி முறையைச் சிதைத்தது. அரசியல் கூட்டங்கள் பெருகின. பறக்கும் நேரம் குறைந்தது. 1971 செப்டம்பரில் லின் பியாவ் விமான விபத்தில் இறந்ததைத் தொடர்ந்து ஊ ஃபாசியன் கைது செய்யப்பட்டார். தளபதி பதவியே சிறிது காலம் காலியாக இருந்தது. இந்தப் பாதிப்பிலிருந்து மீள விமானப்படைக்குப் பல ஆண்டுகள் ஆயின.

வடகிழக்கு விமானப் பள்ளியில் பயின்று, கொரியாவில் போரிட்ட வாங் ஹாய் 1985இல் விமானப்படைத் தளபதியானார். 2012இல் விமானப்படை அதிகாரியான சூ சிலியாங் மத்திய இராணுவ ஆணையத்தின் துணைத் தலைவரானார். தரைப்படையின் பிள்ளையாகத் தொடங்கிய விமானப்படையிலிருந்து ஒருவர் அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் முறை.

மதிப்பீடு

லியூவின் வெற்றிக்குப் பின்னால் சோவியத் உதவி பெரும் பங்கு வகித்தது. விமானம், ஏவுகணை, ஆசிரியர், பாடநூல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வாங்கிய பொருளைத் தம் மக்களுக்குப் பழக்கி, பழகியவரைக் கொண்டு அடுத்தவரைப் பழக்கும் சங்கிலியை உருவாக்கியதே லியூவின் பங்கு. ஜப்பானியக் கைதியிடமும் சோவியத் ஆசிரியரிடமும் கற்கத் தயங்கவில்லை. கற்றது பொருந்தாதபோது மாற்றவும் தயங்கவில்லை.

அதே வேளையில், போதிய பயிற்சியின்றி வானில் ஏறிய இளைஞர்கள் பலர் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும். ஒரு விமானத்தை விலைக்கு வாங்கிவிடலாம். ஒரு விமானியை உருவாக்க ஆண்டுகள் தேவை. அந்த ஆண்டுகள் கிடைக்காத நாட்டில், கிடைத்த மாதங்களைக் கொண்டு ஒரு படையைக் கட்டியவர் லியூ யாலோ.